ஆங்கிலப் பாடத்தில் செவிமடுத்தலுக்கு ஒரு பாடவேளை ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு திருகோணமலை நகரத்து மதில்களில் 'ஸ்போக்கன் இங்கிலிஷ்' விளம்பரங்கள் ஏறிவிடுகின்றன. மூன்று மாதத்தில் சரளமாகப் பேசலாம் என்கிறது ஒன்று, ஒரே மாதம் போதும் என்கிறது பக்கத்தில் இருப்பது. காசு கட்டிப் போகிற பிள்ளைகளுக்கு அங்கே பெரும்பாலும் கிடைப்பது பாடமாக்குவதற்கு ஒரு கட்டு வாக்கியங்கள். அவற்றை ஒப்புவிக்கிறார்கள். எதிரில் இருப்பவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டால் திகைத்து நிற்கிறார்கள். கூச்சம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். கேள்வியே காதில் சரியாக விழவில்லை என்பதுதான் பெரும்பாலும் உண்மை.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ஆங்கிலத்தை ஒரு பாடமாகத் தரம் 3 முதல் படித்தாலும், சாதாரண தரத்தில் அது எழுத்துத் தாள்களாலேயே மதிப்பிடப்பட்டு வந்திருக்கிறது. பரீட்சையில் வராததற்கு வகுப்பில் யார் நேரம் ஒதுக்குவார்கள்? உயர்தரம் முடிந்த பிறகுதான் விளைவு தெரியவருகிறது. கோணேசபுரியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்துக்கோ வேறெங்குமோ போகிறவர் ஆங்கில விரிவுரையில் ஒரு மணித்தியாலம் இருந்து குறிப்பெடுக்க வேண்டும். நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் வேலைக்குச் சேருகிறவர், வெளிநாட்டார் தொலைபேசியில் சொல்வதைக் கேட்டு, எத்தனை பேர், எத்தனை இரவு, எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று எழுதியாக வேண்டும். இருவருக்கும் வேண்டியது ஒன்றுதான்: கேட்பது, சுருக்கி எழுதுவது, எழுதியதை வைத்துத் திருப்பிச் சொல்வது. மூன்றையும் சேர்த்துப் பழக்கினால்தான் மூன்றும் வரும்.

முதலில் காது. 'ஐ ஷுட் ஹாவ் டோல்ட் ஹிம்' என்ற வாக்கியத்தைப் பலகையில் எழுதினால் தரம் 9 பிள்ளை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கும். அதையே இயல்பாகப் பேசுகிறவர் 'ஐ ஷுடவ் டோல்டிம்' என்பார். இடையில் இருந்த 'ஹாவ்' சுருங்கிவிட்டது, கடைசிச் சொல்லின் 'ஹ' போயே விட்டது. தமிழில் ஒவ்வோர் அசைக்கும் அதனதன் இடம் கிடைக்கிறது. ஆங்கிலம் ஓரிரு அசைகளை அழுத்தி நீட்டி, மற்றவற்றை விழுங்கிவிடும். 'கான்', 'கான்ட்' குழப்பமும் இதனால்தான். பிள்ளைகள் கடைசி 'ட்'டுக்காகக் காத்திருக்கிறார்கள், வேகமான பேச்சில் அது கேட்பதே அரிது. முடியும் என்னும்போது அந்தச் சொல் 'க(ன்)' என்று மெலிந்து ஓடும், முடியாது என்னும்போது அழுத்தமாக நிற்கும். கவனிக்க வேண்டியது அந்த அழுத்தத்தை. 'தேர்ட்டீன்', 'தேர்ட்டி' இரண்டிலும் அப்படியே: தனியாகச் சொல்லும்போது முதலாவதற்கு அழுத்தம் பின்பாதியில், இரண்டாவதற்கு முன்பாதியில். அறை வாடகையோ பஸ் நேரமோ பேசும்போது 13 எங்கே, 30 எங்கே!

வகுப்பில் செய்யும் முறை இது. ஒன்றரை முதல் இரண்டு நிமிடத்துக்கு மேற்படாத ஒலிப்பதிவு போதும். சாதாரண வேகத்தில் அதில் 200 முதல் 300 சொற்கள் வரும். நூறு சொல்லில் ஐந்துக்கு மேல் தெரியாத சொல் இருந்தால் அந்தப் பதிவை வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கவும். பி.பி.சி.யின் ஆங்கிலம் கற்பிக்கும் இணையத்தளத்தில் ஆறு நிமிட நிகழ்ச்சிகள் எழுத்துப் பிரதியுடன் இலவசமாகக் கிடைக்கின்றன. அதிலொன்றில் இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்தால் ஒரு பாடவேளைக்குக் காணும்.

நான்கு தடவை போட வேண்டும். முதல் தடவை எல்லோரும் பேனையைக் கீழே வைத்துவிட வேண்டும். யார் பேசுகிறார்கள், எதைப் பற்றி என்பது மட்டும் பிடிபட்டால் போதும். இரண்டாம் தடவை குறிப்பு. பிறகு இருவர் இருவராகக் குறிப்பை ஒப்பிட்டுவிட்டு, விட்டுப்போனதற்காக மூன்றாம் தடவை. எழுத்துப் பிரதி கைக்கு வருவது நான்காம் தடவைதான். அப்போது கேட்கத் தவறிய இடங்களுக்குக் கீழே கோடிடச் செய்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வைக்கவும்: தெரியாத சொல்லா, தெரிந்த சொல்லே காதில் பிடிபடவில்லையா, சொல் எல்லாம் கேட்டும் கருத்து விளங்கவில்லையா? இந்தக் கோடுகள்தான் பாடத்தின் பெறுமதியான பகுதி. இரண்டாவது வகை அதிகம் என்றால் சொற்பட்டியல் கொடுத்துப் பயனில்லை. அந்த ஒரே வரியை ஏழெட்டுத் தடவை ஓடவிட்டு, பிள்ளைகளும் அதே ஓட்டத்தில் சொல்ல வேண்டும். பிரதியை முதலிலேயே கொடுத்துவிட்டால் அது வாசிப்புப் பாடமாகிவிடும். பலர் செய்யும் பிழை அது.

இன்னொரு பிழை, விளங்கவில்லை என்றதும் கைத்தொலைபேசியில் வேகத்தை 0.75 ஆகக் குறைப்பது. பேச்சு இழுபடுமே தவிர, ஒட்டிய சொற்கள் பிரியமாட்டா. வேகத்தைத் தொடாமல், சொற்றொடர் முடியும் இடத்தில் நிறுத்தி மூன்று செக்கன் விடுவது நல்லது.

நாற்பது பிள்ளைகள் இருக்கும் அறையில் கைத்தொலைபேசிச் சத்தம் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. மின்விசிறி ஓடினால் அதுவும் இல்லை. சிறிய ஸ்பீக்கரை ஆசிரியர் மேசையில் வைக்காமல், வகுப்பின் நடுவில் ஒரு கதிரைமேல் வைக்கலாம். அதுவும் இல்லாவிட்டால் ஆசிரியரின் குரலே போதும். ஆனால் சொல்வதெழுதல் போல ஒவ்வொரு சொல்லாக வெட்டி வாசிக்கக் கூடாது, பேசுகிற ஓட்டத்தில் வாசிக்க வேண்டும்.

அடுத்தது குறிப்பு. பேசுகிறவர் நிமிடத்துக்கு 120 முதல் 150 சொற்கள் சொல்கிறார். கை எழுதுவது 20, மிஞ்சினால் 30. முழு வாக்கியம் எழுதப் போகிறவர் இரண்டாவது வாக்கியத்திலேயே தோற்றுவிடுவார். உதாரணத்துக்கு, புறாத்தீவு பற்றி நான்கு வாக்கியங்களை ஆசிரியர் ஆங்கிலத்தில் வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் இருக்கிறது, 1963இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது, மாடப்புறாக்களால் அந்தப் பெயர் வந்தது. நல்ல குறிப்பு மூன்று வரிதான்:

பு.தீ. – நிலா.வெளி – 1 கி.மீ.
1963 சர. → 2003 தே.பூ.
பெயர் ← மாடப்புறா

குறிப்பில் தமிழ் கலந்தால் அடிக்கத் தேவையில்லை. வேகமாக வருவது எந்த மொழியோ அதில் எழுதட்டும். திருப்பிச் சொல்லும்போது ஆங்கிலம் வந்தால் சரி. ஆண்டுகளைத் தனியாகப் பழக்க வேண்டும், ஏனெனில் 1963ஐ 'நைன்டீன் சிக்ஸ்டி த்ரீ' என்று இரண்டு துண்டாகவும் 2003ஐ 'டூ தௌசண்ட் அண்ட் த்ரீ' என்று வேறு விதமாகவும் சொல்கிறார்கள். நமது பிள்ளைகள் முதலாவதை 63 என்று மட்டும் எழுதிவிடுவது வழக்கம்.

தாளைப் பிரிக்க, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் போக் 1950களில் உருவாக்கிய முறை இன்றும் நன்றாக உதவுகிறது. கொப்பிப் பக்கத்தில் இடப்பக்கம் மூன்றிலொரு பங்கு விட்டுக் கோடு போடவும், கீழே ஐந்து வரி ஒதுக்கவும். கேட்கும்போது வலப்பக்கம் மட்டும் எழுதுவது. முடிந்தபின் இடப்பக்கத்தில் கேள்விகள், கீழே இரண்டு வாக்கியச் சுருக்கம். இடப்பக்கக் கேள்வியைப் பார்த்து வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு விடை சொன்னால் அதுவே பேச்சுப் பயிற்சியாகிறது. 'தேர் ஆர் த்ரீ ரீசன்ஸ்' என்று பேச்சாளர் சொன்னவுடன் பக்கத்தில் 1, 2, 3 என இடம்விட்டு எழுதிவிட வேண்டும். 'ஹவெவர்' வந்தால் ஒரு வளைந்த அம்புக்குறி. விட்டுப்போன சொல்லுக்கு ஒரு சிறு கோடு போட்டுவிட்டு முன்னே போக வேண்டும். அந்த ஒரு சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தால் அடுத்த மூன்று வாக்கியமும் போய்விடும்.

பேச்சுக்கு அதே குறிப்பு. நியூசிலாந்து அறிஞர் போல் நேஷனின் எழுத்துகள் வழியே பரவிய 4-3-2 முறையில், ஒரே விடயத்தை மூன்று வெவ்வேறு சோடிகளிடம் முதலில் 4 நிமிடம், பிறகு 3, பிறகு 2 நிமிடத்தில் சொல்ல வேண்டும். ஆரம்பப் பிள்ளைகளுக்கு 90, 60, 45 செக்கன் காணும். என்ன சொல்வது என்ற யோசனை முதல் தடவையே முடிந்துவிடுவதால், பின்னர் கவனம் எப்படிச் சொல்வது என்பதற்குப் போகிறது. கேட்பவர் ஒவ்வொரு தடவையும் புதியவராக இருக்க வேண்டும். ஒரே ஆளிடம் மூன்று தடவை சொன்னால் இருவருக்கும் அலுத்துவிடும். பேசும்போது ஆசிரியர் குறுக்கிட்டுத் திருத்தக் கூடாது. பொதுவான பிழைகளில் மூன்றை மட்டும் எழுதிவைத்து இறுதியில் சொன்னால் போதும். 'புக்கு', 'இஸ்கூல்' என்று உகரமும் இகரமும் ஒட்டிக்கொள்வதையும், 'ஆஸ்க்ட்' என்பதன் கடைசி ஒலி விழுவதையும் அப்போது காட்டலாம். அமெரிக்க உச்சரிப்புக்கு மெனக்கெடும் வகுப்புகள் எதற்கென்றே விளங்கவில்லை.

பாடசாலைப் பேச்சுப் போட்டிகளையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. வேறொருவர் எழுதிக் கொடுத்ததை மனனம் செய்து, கையை ஆட்டி ஒப்புவிப்பதற்குப் பரிசு கொடுக்கிறோம். தலைப்பை அந்த இடத்திலேயே கொடுத்து, ஒரு நிமிடம் குறிப்பெடுக்க விட்டு, இரண்டு நிமிடம் பேச வைத்தால் உண்மையான திறன் தெரிந்துவிடும். வெளிநாடு போக எழுதும் ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையின் பேச்சுப் பகுதியிலும் ஒரு கட்டத்தில் இந்த அளவுதான் கேட்கிறார்கள். அதன் கேட்டல் பகுதியில் 40 கேள்விகள், பதிவு ஒரே ஒரு தடவைதான் ஓடும்.

ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் உதவலாம். இரவுத் தமிழ்ச் செய்தியைப் பிள்ளையும் தாயும் சேர்ந்து கேட்கட்டும். பிறகு பிள்ளை அதே நாளின் ஆங்கிலச் செய்தியைக் கேட்டு, புதிதாக என்ன சொன்னார்கள் என்று அம்மாவிடம் தமிழில் சொல்லட்டும். செய்தி ஏற்கெனவே தெரிந்திருப்பதால் ஆங்கிலம் பிடிபடும். பிள்ளை சும்மா அளக்கிறதா என்பதும் அம்மாவுக்குத் தெரியும்.

கல்வி அதிகாரிகளிடம் கேட்பது இரண்டு. தரம் 6 முதல் 11 வரை, கிழமைக்கு ஒரு 40 நிமிடப் பாடவேளையை இதற்கென நேரசூசியில் ஒதுக்க வேண்டும். தவணைப் பரீட்சையில் கேட்டலுக்கு 10 புள்ளியாவது வேண்டும். புள்ளி இல்லாமல் அந்தப் பாடவேளை நிலைக்காது. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஆசிரியர் ஒரு பந்தியை இரண்டு தடவை வாசித்து, நடுவில் 30 செக்கன் இடைவெளி விட்டு, பத்துச் சிறு கேள்விகளுக்கு விடை எழுத வைத்தால் போதும். கேள்விகளை வாசிப்புக்கு முன்பே பார்க்க ஒரு நிமிடம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஞாபகசக்திப் பரீட்சையாகிவிடும். அரைச்சுவர் மட்டுமே பிரிக்கும் வகுப்பறைகளில் இதைக் காலை முதல் பாடவேளையில், பக்கத்து வகுப்புக்கும் எழுத்து வேலை இருக்கும்போது வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆங்கிலம் கற்பிப்போர் சிலர்,
திருகோணமலை.