டீச்சரம்மாவோட அந்த கோடு போட்ட நோட்டுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். ஹார்ட் டிஸ்க் செத்து, நான் எழுதிட்டிருந்த ஃபைல் போனதுல இந்த ரெண்டு வாரமா நான் பட்ட பாடு உங்களுக்கே தெரியும், புலம்பினதெல்லாம் உங்ககிட்டதானே, அதனால அந்தக் கதையைத் திரும்ப ஆரம்பிக்கல. நேத்து ராத்திரி பதினொன்றரைக்கு யு.எஸ். விமன்ஸ் ஓபன் (அமெரிக்காவுல நடக்குற பெண்கள் கோல்ஃப் போட்டி) வரலாறு ஃபைல் முழுசா ஒண்ணு சேர்ந்துச்சு. இப்போ மூணு இடத்துல இருக்கு. இதை டைப் பண்ணும்போது கூட கை நடுங்குது, சிரிக்காதீங்க.

பழைய மெயிலைத் தோண்டித் தோண்டி அட்டாச்மென்ட் அனுப்பினவங்க, செத்த டிஸ்க்கை வெச்சுக்கிட்டு ரெண்டு ராத்திரி முழிச்ச தம்பி, "விடுங்க, திரும்ப எழுதலாம்"னு சொல்லி என்கிட்ட திட்டு வாங்கினவங்க, எல்லாருக்கும் பெரிய கும்பிடு.

இப்போ டீச்சரம்மா. ரெண்டு வருஷம் முன்னாடி முதல் நாலு அத்தியாயத்தை அவங்களுக்கு அனுப்பியிருந்தேன். "படிச்சேன்பா, நல்லாருக்கு"ன்னு ஒரே வரி வந்துச்சு. சரி, மரியாதைக்கு சொல்றாங்கன்னு நானும் மறந்துட்டேன். போன வியாழக்கிழமை அவங்க நம்பர்ல இருந்து போட்டோ போட்டோவா விழ ஆரம்பிச்சுது. கோடு போட்ட நோட்டு, நீல மை, 40 பக்கம். ஃபோன்ல படிச்சா கண்ணு வலிக்குதுன்னு பேத்தியை வாசிக்கச் சொல்லி மொத்தத்தையும் கையால எழுதி வெச்சிருக்காங்க! ஒவ்வொரு போட்டோவுலயும் இடது ஓரத்துல அவங்க கட்டைவிரல், அதுல ஒரு பேண்ட்எய்டு.

1946ல ஸ்போக்கேன்ல பேட்டி பெர்க் ஜெயிச்ச முதல் போட்டி, மேட்ச் ப்ளேல, அதாவது ஒருத்தருக்கு ஒருத்தர் நேருக்கு நேர் மோதுற முறையில, நடந்த ஒரே வருஷம், அது அப்படியே இருந்துச்சு. கேன்சர் ஆபரேஷன் ஆன அடுத்த வருஷமே, 1954ல, பேப் ஸஹாரியஸ் 12 ஸ்ட்ரோக் (பந்தை அடிக்கிற ஒவ்வொரு அடியும் ஒரு ஸ்ட்ரோக், குறைச்சலா அடிச்சவங்கதான் ஜெயிப்பாங்க) வித்தியாசத்துல ஜெயிச்ச பக்கத்துல மை கொஞ்சம் கலைஞ்சிருந்துச்சு. ஏன்னு நான் கேக்கல.

1957 பக்கத்துக்கு வந்தா ஓரத்துல சிவப்பு மை. ஜாக்கி பங் கடைசி நாள் ஸ்கோர் கார்டுல (ஒவ்வொரு ஹோலுக்கும், அதாவது குழிக்கும், எத்தனை அடின்னு கட்டத்துல எழுதுற அட்டை) கூட்டலைத் தப்பா போட்டதால வெளியே போனாங்கன்னு நான் எழுதியிருந்தேன். "ஆடினதும் 72, கார்டுலயும் 72ன்னு நீயே எழுதிருக்க. அப்புறம் கூட்டல் எங்கப்பா தப்பாச்சு? கட்டத்தைப் பாரு." கணக்கு டீச்சராச்சே. போய்ப் பார்த்தா, ஆமா, நாலாவது ஹோல்ல 6 அடிச்சதுக்கு கூட ஆடின பெட்டி ஜேம்சன் 5னு போட்டிருக்காங்க, மொத்தம் சரியாத்தான் இருந்திருக்கு, பங் கவனிக்காம கையெழுத்து போட்டுட்டாங்க. மொத்தம் சரியா இருந்தாலும், ஒரு ஹோல்ல அடிச்சதை விடக் குறைச்சு எழுதின கார்டுல கையெழுத்து போட்டா அப்போ அவுட்தான். நாலு ரவுண்டும் சேர்த்து 298ல முடிச்ச பங் டிஸ்குவாலிஃபை ஆகி 299 எடுத்த பெட்சி ரால்ஸுக்கு கோப்பை போச்சு. ஜேம்சன் கார்டுலயும் அதே தப்பு, அவங்களும் அவுட். ரெண்டு வருஷமா ஏம்மா சொல்லலன்னு கேட்டா, "நீ வேகமா எழுதிட்டிருந்த, நடுவுல எதுக்குன்னு விட்டேன்"ங்கிறாங்க. டிஸ்க் மட்டும் சாகலன்னா அந்த தப்பு அப்படியே வெளிய போயிருக்கும்.

அன்னைக்கு போட்டி நடந்த விங்டு ஃபுட் கிளப்ல இருந்தவங்க பங்குக்காக பணம் திரட்டிக் குடுத்தாங்க, முதல் பரிசு 1,800 டாலரை விட அதிகமாவே சேர்ந்துச்சு. அதை நான் அரை வரில கடந்து போயிருந்தேன். இந்த தடவை அதுக்கு ரெண்டு பக்கம் எழுதியாச்சு. இனிமே எந்த அத்தியாயத்தையும் ஒவ்வொரு நம்பரையும் வாய்விட்டுப் படிக்காம அனுப்ப மாட்டேன், இது சத்தியம்.

டீச்சரம்மா, நோட்டுல பாதி இன்னும் காலியா இருக்கு, 1998 எப்போ வரும்னு கேட்டீங்கல்ல? கொரிய வீராங்கனை செ ரி பாக் பந்தை அடிக்க ஷூ, சாக்ஸைக் கழட்டி வெச்சுட்டு தண்ணிக்குள்ள எறங்குற அத்தியாயம் பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்து இன்னைக்கு காலையில கூரியர் போட்டாச்சு. கூடவே ரெண்டு சிவப்பு பேனா.