காலையில் சூப் குடிக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் எதையாவது கேட்க ஆரம்பித்தால் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் அம்மாவிடம் பேசும்போது, இப்போதெல்லாம் காலையில் சூப்தான் என்றாய். சுலபம், கழுவவும் ஒரே ஒரு கிண்ணம்தான் என்றாய். அம்மா அதைக் கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

சூப் கூடாது என்று சொல்ல வரவில்லை. காலையிலேயே சூப் சாப்பிடும் தேசங்கள் எத்தனையோ இருக்கின்றன. வியட்நாமில் ‘ஃபோ’ என்று ஒன்று. எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், அன்னாசிப்பூ, பட்டை எல்லாம் போட்டு இறக்கிய சாறு. அதில் அரிசி நூடுல்ஸும் இறைச்சியும் சேர்ந்தால்தான் அது காலைச் சாப்பாடு. பர்மாவில் மொஹிங்கா: கெளுத்தி மீன் சாற்றில் அரிசி நூடுல்ஸ். ஜப்பானில் மிசோ சூப் வைத்தால் பக்கத்தில் சோறும் சுட்ட மீனும் வரும். கொலம்பியாவின் மலைப்பகுதிகளில் பாலும் தண்ணீரும் கலந்து காய்ச்சி, முட்டையை உடைத்து ஊற்றி, கொத்தமல்லி தூவி, காய்ந்த ரொட்டித் துண்டைப் போட்டுச் சாப்பிடுகிறார்கள். சங்குவா என்று பெயர்.

கவனித்தாயா? யாரும் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போகவில்லை. மெல்வதற்கு ஏதாவது இருக்கிறது. நீ குடிப்பது எந்த சூப் என்று சொல்லவே இல்லையே. பாக்கெட்டைக் கிழித்து வெந்நீரில் கரைப்பதுதானே? அதில் பெரும்பாலும் சோள மாவு, உப்பு, சர்க்கரை, பேருக்கு நாலு உலர்ந்த காய்த் துணுக்கு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் என்று போட்டிருப்பதைப் பார். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. கிண்ணத்துக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்றால், பொழுது விடியும்போதே 2 கிராம் உப்பு உள்ளே போய்விட்டது. நம் வீட்டு ரத்த அழுத்தம் உனக்குத் தெரியாததா? உன் பெரியப்பாவை நினைத்துக்கொள்.

அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. தம்பி புது வேலையில் சேர்ந்துவிட்டான். சரி, சூப்புக்கு வருகிறேன்.

உனக்குக் கீழே அத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று இங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறேன். சொல்லும்போது எனக்குத் தலை நிமிர்கிறது. ஆனால் அத்தனை பேரின் லீவையும் கணக்கு வைத்திருப்பவளுக்கு, உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடக் கால் மணி நேரம் கிடைக்கவில்லை என்றால் நான் எப்படி நம்புவது? நேரமில்லையா, இல்லை சாப்பாடு இறங்கவில்லையா? கோபப்படாதே. கேட்டேன், அவ்வளவுதான்.

பாக்கெட்டே ஆனாலும் ஒரு முட்டையைச் சேர்த்துவிடு. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. கிண்ணத்தில் அடித்து வைத்துக்கொள். சூப் அடுப்பில் மெல்லக் கொதிக்கும்போது ஒரு பக்கமாகக் கரண்டியால் சுற்றிவிட்டு, முட்டையை நூல் போல ஊற்று. உடனே கலக்காதே, கலங்கிப்போகும். பத்து எண்ணிவிட்டுக் கிளறினால் இழை இழையாக வெந்து நிற்கும். மெல்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

இதைவிட நல்லது, ஞாயிற்றுக்கிழமை நீயே பருப்பு சூப் வைத்துவிடுவது. மைசூர்ப் பருப்புக்கு ஊறவைக்கும் வேலை இல்லை, இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். அரை டம்ளர் பருப்பு, ஒரு கேரட், ஒரு தக்காளி, நாலு பல் பூண்டு, மூன்று டம்ளர் தண்ணீர். உப்பைக் கடைசியில், ருசி பார்த்துப் போடு. இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால் உப்பு குறைவாகவே போதும். கூட ஒரு ரொட்டித் துண்டு வைத்துக்கொள்.

நாலைந்து நாளைக்குச் சேர்த்து வைத்தால் ஒன்று கவனி. பெரிய பாத்திரத்தில் அப்படியே ராத்திரி முழுக்க அடுப்பு மேலே விட்டுவிடாதே. கொதித்தாலும் சாகாத கிருமி வித்துகள் உண்டு, மெதுவாக ஆறும் சூப்பின் நடுவில் அவை பெருகும். அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வை. அதிகபட்சம் 4 நாள். மிச்சத்தை ஃப்ரீசரில் போட்டுவிடு. வேண்டிய அளவை மட்டும் எடுத்து, தளதளவென்று கொதிக்கவைத்துச் சாப்பிடு.

அளவெல்லாம் இரண்டு பேருக்குத்தான் எழுதியிருக்கிறேன். நீ ஒருத்திதான் சாப்பிடுகிறாய் என்றால் பாதியாகக் குறைத்துக்கொள். ஏன், என்ன என்று நான் கேட்கமாட்டேன். அவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கலாம். போன தடவையும், அதற்கு முந்தின தடவையும் அப்படித்தான் சொன்னாய். போனில் வீடியோவை மட்டும் ஏன் அணைத்து வைக்கிறாய் என்று அம்மா கேட்கிறாள். நெட் சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இரண்டு பேருக்கா, ஒருத்திக்கா என்று மட்டும் ஒரு வரி எழுது. போனில் சொல்ல வேண்டாம். ஒருத்திக்குத்தான் என்றாலும் இங்கே யாரும் உன்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. அம்மா தன் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து மேஜை மேல் வைத்திருக்கிறாள். வா என்றால் அடுத்த வாரமே டிக்கெட் போடுகிறேன், இல்லை நீ இங்கே வருவதானாலும் போடுகிறேன்.

அப்பா