மீந்த கருக்கள்: பெற்றோர் முடிவெடுக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கரு ஸ்டெம் செல் (உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய, கருவிலுள்ள மூலச் செல்) ஆய்வு குறித்த தங்கள் தலையங்கம் படித்தேன். 1998-இல் மனிதக் கருவிலிருந்து இச்செல்கள் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது முதல், அவற்றை எடுக்கையில் அழிந்துபோகும் ஐந்து நாள் கருவை மனித உயிராகக் கொள்ளலாமா என்பதிலேயே வாதம் சுற்றிவருகிறது. செயற்கைக் கருத்தரிப்பில் மீந்து, உறைநிலையில் கிடந்து, கடைசியில் அப்புறப்படுத்தப்படும் கருக்களைத் தலையங்கமும் ஒரே வரியில் கடந்துவிட்டது. அழிக்க அனுமதித்துவிட்டு, ஆய்வுக்குத் தருவதை மட்டும் தடுப்பது எந்த அறம்?

சிகிச்சை முடிந்தபின் எங்களிடம் நீட்டப்பட்ட படிவத்தில் சேமிப்பு, பிறருக்குத் தானம், அழிப்பு என மூன்றே கட்டங்கள். மனமில்லாமல்தான் மூன்றாவதில் குறியிட்டோம். ஆய்வுக்கென ஒரு கட்டத்தையும் சேர்க்க வேண்டும். ஆய்வுக்குழுவோடு தொடர்பில்லாத ஒருவர் அதைத் தம்பதியருக்கு விளக்கி, யோசிக்க அவகாசமும் தர வேண்டும். பணம் மட்டும் கைமாறவே கூடாது.