ஊட்டிக் குளிரும் லாரித் தண்ணீரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய மகாபலிபுரம் சாலையில் சர்வர் கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்திருக்கும் டேட்டா சென்டர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். “உள்ளே கால் வைத்ததும் ஊட்டிக்கே போய்விட்ட குளிர், சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டு வேலை பார்க்கும் இவர்கள் கொடுத்து வைத்தவர்கள்” என்று உங்கள் நிருபர் எழுதியிருக்கிறார். அப்படிக் கொடுத்து வைத்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் குளிரை உண்டாக்கும் சில்லர் பிளான்ட்டில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன். ஸ்வெட்டர்தான் யாரும் தரவில்லை.

நிருபரை சர்வர் அடுக்கிய ரேக்குகளின் முன்பக்கம் மட்டும் அழைத்துப் போய்க் காட்டியிருப்பார்கள். விருந்தாளிகளுக்கு அதுதான் வழக்கம். தரையில் துளை போட்ட ஓடுகள் வழியாக மேலே வரும் குளிர்காற்றை சர்வர் முன்பக்கம் இழுத்து, பின்பக்கம் அனலாகத் துப்பும். அந்தச் சந்துக்கு ‘ஹாட் ஐல்’ என்று பெயர். அங்கே நின்று ஒரு கேபிளை மாற்றிவிட்டு வந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். முன்னால் ஊட்டி என்றால் பின்னால் வேலூர். அதை யாரும் படம் எடுப்பதில்லை. நீல விளக்கு அங்கே கிடையாது.

உண்மையில் அந்த ஊட்டிக் குளிரே தேவையில்லை. சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்பது அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர்களின் ஆஷ்ரே அமைப்பின் பரிந்துரை. நான் வேலை பார்த்த இடத்தில் செட் பாயிண்டை, அதாவது குளிர்விக்க வைத்த டிகிரியை, கொஞ்சம் ஏற்றினால் மின்சாரம் மிச்சமாகுமே என்று கேட்டதற்கு, “விசிட்டர் வந்தா ஜில்லுனு இருக்கணும்பா” என்றார் மேலாளர். உங்கள் நிருபர் சிலிர்த்துப் போனாரே, அந்தச் சிலிர்ப்புக்கும் சேர்த்துத்தான் மின்கட்டணம்.

போகட்டும். ரேக்கில் பிறந்த சூடு எங்கே போகிறது என்று அவர் கேட்டாரா? குழாயில் ஓடும் தண்ணீரில் ஏறி, சில்லருக்குப் போய், மொட்டை மாடிக் கூலிங் டவரில் தண்ணீர் ஆவியாகும்போது அதோடு வெளியேறுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்தின் சூட்டை இறக்க ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும். 1 மெகாவாட், அதாவது மணிக்கு ஆயிரம் யூனிட் சூட்டுக்கு நாளொன்றுக்கு 35,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12,000 லிட்டர் லாரியில் மூன்று லோடு. ஆவியானது போக மிஞ்சும் தண்ணீரில் உப்பு ஏறிவிடும், அதையும் அவ்வப்போது திறந்துவிட வேண்டும். காற்றிலேயே குளிர்விக்கும் சில்லர்களுக்கு இந்தத் தண்ணீர்ச் செலவு இல்லை, ஆனால் மே மாதத்தில் அவை மின்சாரத்தைக் குடிக்கும். எது எந்தக் கட்டடத்தில் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் மெகாவாட் மெகாவாட்டாகப் பெருமை பேசிய நான்கு பக்கத்தில் தண்ணீரைப் பற்றி ஒரு வரி கிடையாது.

2019 ஜூன் மாதம் உங்களுக்கு மறந்திருக்காது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷம். இந்தச் சாலையில் ஐடி கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. சர்வர் வீட்டிலிருந்து வேலை பார்க்குமா? எங்கள் தெருவில் லாரிக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தோம். நான் டியூட்டிக்குப் போனால் கேட்டில் லாரிகள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. இதை அப்போதே உங்களுக்கு எழுதினேன். குடம் தூக்கிய பெண்களின் அட்டைப்படம் அருமை என்ற முதல் இரண்டு வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். நன்றி.

பெட்டிச் செய்தி வேறு. பின்லாந்தின் ஹமினாவில் கூகுள் கடல்நீரைக் கொண்டு குளிர்விக்கிறதாம், நமக்கும் கடல் இருக்கிறதாம். இருக்கிறது ஐயா, மார்கழியிலும் வெதுவெதுப்பாக. 2022 ஜூலை 19 அன்று லண்டனில் வெயில் 40 டிகிரியைத் தொட்டபோது கூகுள், ஆரக்கிள் இரண்டின் டேட்டா சென்டர்களிலும் குளிர்விப்பு தாங்காமல் சேவை தடுமாறியது. 40 டிகிரிக்கு நம் ஊரில் யாரும் குடைகூடப் பிடிப்பதில்லை. பின்லாந்து வரை போன கட்டுரை கோயம்பேடு வரை வந்திருக்கலாம். அங்கேயும் கொடுங்கையூரிலும் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுப்பதற்கென்றே நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள ஆலைகள் உண்டு. கூலிங் டவருக்கு அந்தத் தண்ணீர் தாராளமாகப் போதும். கிராமத்துக் கிணற்றிலிருந்து லாரி ஏறி வரவேண்டிய அவசியமே இல்லை.

டேட்டா சென்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மகள் வீட்டில் உலை கொதிப்பதும் அந்தத் துறையால்தான். அடுத்த முறை உங்கள் நிருபர் மொட்டை மாடி வரை ஏறி, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர், எங்கிருந்து வருகிறது என்ற இரண்டே கேள்வியைக் கேட்கட்டும். பதில் சொல்ல மறுத்தால் மறுத்தார்கள் என்றே போடுங்கள்.

அதற்கும் இடமில்லை என்றால் இதையாவது செய்யுங்கள். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் “ராட்சத ஜெனரேட்டர்கள்” என்று குறிப்புப் போட்டிருக்கிறீர்களே, அந்தப் படத்தில் இருப்பது கூலிங் டவர். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடவும்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
சோழிங்கநல்லூர்.