மேசையில் கழற்றி வைத்த மிஷின்

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு நீ போனில் அழுததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. அந்தப் பெரியவர் காது மிஷினைக் கழற்றி உன் மேசையில் வைத்து, "இது எனக்கு வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார் என்றாய். "காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் சரியாகத்தான் எடுத்தேன், செட்டிங்கும் சரி, மிஷின் தரும் ஒலியின் கிராஃப் திரையில் டார்கெட் கோட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றது, என் மேல் என்னம்மா தப்பு?" என்று கேட்டாய். போனில் எனக்குச் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கழற்றுவதற்கு முன் அவர் என்ன சொன்னார் என்று கேட்டேனே, உனக்கு நினைவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

அவருக்கு வயதால் வந்த குறைபாடு என்றாய். உயர் அதிர்வெண்கள்தான் முதலில் போயிருக்கும். உயிரொலிகள் காதில் விழும், மெய்யொலிகள் நழுவிவிடும். 'பட்டு' என்றாலும் 'பத்து' என்றாலும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால்தான் இவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்வார்கள்: "காதில் விழுது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியலை." வீட்டில் இருப்பவர்கள் குரலை உயர்த்துவார்கள். உடனே அவர், "ஏன் கத்துறே?" என்று கோபப்படுவார். வீட்டார் அதை வீம்பு என்று நினைப்பார்கள். அது வீம்பு இல்லை. உள்காதில் நத்தை ஓடுபோல் இருக்கும் காக்ளியாவில் ஏறக்குறைய 12,000 வெளி மயிர்ச்செல்கள் இருக்கின்றன. மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருவது அவற்றின் வேலை. அவை போனால் மெல்லிய ஒலி கேட்காது. ஆனால் பெரிய சத்தம் முன்போலவே பெரிதாகத்தான் கேட்கும். கேட்காததற்கும் தாங்க முடியாததற்கும் நடுவே அவருக்கு மிஞ்சியிருப்பது ஒரு குறுகிய சந்து. நாம் கொடுக்கும் பேச்சு முழுவதையும் அந்தச் சந்துக்குள்தான் அடக்க வேண்டும்.

இதெல்லாம் நீ படித்ததுதான். ஆனால் முதல் நாளே முழு அளவு வைத்து அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். பல ஆண்டுகளாகக் கேட்காத காகிதச் சலசலப்பு, காலடிச் சத்தம், மின்விசிறி எல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் இறங்கும். அதைவிட மோசம் அவருடைய சொந்தக் குரல். காதுக்குள் பொருத்தும் அச்சான இயர் மோல்டு காதை அடைத்துக்கொண்டால், குடத்துக்குள் பேசுவதுபோலத் தன் குரலே முழங்கும். அதில் காற்று போக விடும் வென்ட் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினாலே பாதி சரியாகிவிடும். அவர் அதைத்தான் சொல்ல வந்தாரோ என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. திரையில் காட்டும் கிராஃப் ஒரு சராசரிக் காதை வைத்துப் போட்ட கணக்கு. எதிரில் உட்கார்ந்திருப்பவரின் காது அது இல்லை. மெல்லிய குழாயைச் செவிப்பறைக்குப் பக்கத்தில் வைத்து உண்மையில் எவ்வளவு ஒலி போகிறது என்று அளந்து பார். நேரம் இல்லை என்று சொல்லாதே. அந்த ஐந்து பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்தால் மிஷின் அலமாரிக்குள் போய்விடும்.

சரி, உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

நானும் உன்னைப்போலக் காது பரிசோதிக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தாய் எட்டு மாதக் குழந்தையோடு வந்தாள். "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குது" என்றாள். அவள் மடியிலேயே குழந்தையை உட்கார வைத்து, பின்னால் நின்று கிலுகிலுப்பை ஆட்டினேன். குழந்தை திரும்பியது. மறுபடி ஆட்டினேன், மறுபடி திரும்பியது. குறை இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவள் போக மனமில்லாமல் கதவருகே நின்று, "இல்லைங்க, வீட்டில திரும்பறதில்லை" என்றாள். சில குழந்தைகள் அப்படித்தான், போகப் போகச் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டேன்.

இரண்டு வயதில் அதே குழந்தை பேச்சு வராமல் திரும்பி வந்தது. ஒலி கேட்டதும் காது நரம்பு வழியில் எழும் மின் அலையைப் பார்க்கும் பெரா டெஸ்ட் செய்தார்கள். 90 டெசிபெல் என்ற பெரிய சத்தத்துக்கும் அலை இல்லை. அன்றைக்குக் குழந்தை எதற்குத் திரும்பியது என்று பிறகு எத்தனையோ இரவுகள் யோசித்திருக்கிறேன். என் நிழலாக இருக்கலாம். சத்தம் கேட்டதும் தாயின் உடம்பு லேசாக அசைந்திருக்கும், மடியில் இருந்த குழந்தைக்கு அதுவே போதும். பிறகு உள்காதில் பொருத்தும் கருவியான காக்ளியர் இம்ப்ளாண்ட் வைத்தார்கள், பேச்சும் மெல்ல வந்தது. ஆனால் என் கையெழுத்தால் போன அந்த மாதங்களை யாரும் அவளுக்குத் திருப்பித் தர முடியவில்லை.

இப்போது உங்களுக்குக் கருவிகள் இருக்கின்றன. காதே ஒரு மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்புகிறது என்று டேவிட் கெம்ப் என்ற விஞ்ஞானி 1978இல் காட்டியதிலிருந்து வந்ததுதான் அந்த ஒலியை அளக்க, பிறந்த குழந்தைக்கு நீங்கள் செய்யும் ஓ.ஏ.இ. டெஸ்ட். ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்று கணக்கும் இருக்கிறது. நினைக்க நினைக்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனாலும் ஓ.ஏ.இ.யில் பாஸான குழந்தைக்கும் நரம்பு வழியில் கோளாறு இருக்கலாம். தாய் சந்தேகப்பட்டால் மிஷின் சொன்னதோடு விட்டுவிடாதே. பெரா எழுது, திரும்ப வரச் சொல். கதவருகே நிற்கும் தாயை மட்டும் சும்மா அனுப்பிவிடாதே.

அந்தப் பெரியவருக்கு நீயே போன் செய். அவரிடம் பேசினால் சரியாகக் கேட்காது, வீட்டில் யாரையாவது பேசச் சொல்லி, கூடவே வரச் சொல். வந்ததும் கம்ப்யூட்டரைத் திறக்காதே. முகத்துக்கு நேராக, வெளிச்சம் உன் மேல் படும்படி உட்கார். மிஷின் போட்டபோது எப்படி இருந்தது என்று கேள், அவர் முடிக்கும்வரை குறுக்கே பேசாதே. அளவைக் குறைத்து ஆரம்பி. முதல் வாரம் அமைதியான அறையில், ஒரே ஒருவரோடு பேச மட்டும் போட்டுக்கொள்ளச் சொல். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. பேரப்பிள்ளை உண்டா என்று கேட்டுவை. யாருடைய குரலைக் கேட்க அவர் இந்த மிஷினை வாங்க வந்தார் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், தினமும் முதல் ஆள் வருவதற்கு முன் ஹெட்போனை நீயே மாட்டி எல்லா அதிர்வெண்ணையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கிறாயா? வயர் லேசாக விட்டிருந்தால்கூட அன்றைய ஆடியோகிராம் எல்லாம் பொய்யாகிவிடும்.

அவர் வந்தாரா, என்ன சொன்னார் என்று எழுது. அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுது.

உன் அம்மா