பெரியப்பாவின் உளிப் பெட்டி

சேலம்,
18.1.2026

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ அம்மாவிடம் பேசுகிறாய். "அப்பா மாத்திரை போட்டாரா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு வேலை அதிகம் என்று அம்மா சொல்கிறாள். இருக்கட்டும். ராத்திரி கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

பொங்கலுக்கு நீ வராததைக் குறையாகச் சொல்லவில்லை. புனேயிலிருந்து டிக்கெட் கிடைத்திருக்காது. பழக்கத்தில் கரும்பு இரண்டு கட்டு வாங்கிவிட்டேன். ஒரு கட்டு இன்னும் பிரிக்காமல் திண்ணையில் சாய்ந்திருக்கிறது.

பெரியப்பா காரியங்கள் எந்த அளவில் இருக்கின்றன என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் எழுதுவது என் கடமை. பாங்கியில் இருந்த வைப்புத்தொகை வந்துவிட்டது. நியமனதாரராக என் பெயரைத்தான் போட்டிருந்தார், பெரியம்மா போன 2012-இல் மாற்றியது. இறப்புச் சான்றும் என் அடையாள அட்டையும் கொடுத்தேன், அதிக அலைச்சல் இல்லை. பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறேன். நியமனதாரர் என்றால் சொந்தக்காரர் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அவர் பணத்தைக் கையில் வாங்குகிறவர், அவ்வளவுதான். பணம் வாரிசுகளுடையது. 34 வருடம் அஞ்சலகக் கவுண்டரில் உட்கார்ந்து இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! உன் கணக்குகளுக்கெல்லாம் நியமனம் போட்டாயா? போன வருடமும் கேட்டேன். மாப்பிள்ளையின் கணக்குகளுக்கும் பார்க்கச் சொல். தள்ளிப் போடாதே.

ஏற்காட்டு மலையில் நாகலூர் வீடும் தோட்டமும் இன்னும் பெரியப்பா பெயரில்தான் இருக்கின்றன. வாரிசுச் சான்றுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தாத்தா, பாட்டி, பெரியம்மா, சித்தப்பா நால்வருடைய இறப்புச் சான்றும் வேண்டியிருந்தது. தாத்தாவுடையது பழைய டிரங்குப் பெட்டியில் பாட்டியின் கூறைப்புடவைக்குக் கீழே இருந்தது. சித்தப்பாவுடையதைக் கேட்கச் சித்தி வீட்டுக்குப் போனேன்.

சித்தி கூடத்தில் உட்கார்ந்து கொலுசுக்குக் கண்ணி கோத்துக்கொண்டிருந்தாள். பட்டறையிலிருந்து எடைபோட்டு வாங்கி வருகிற வேலை. திருப்பிக் கொடுக்கும்போதும் எடை போடுவார்கள் என்று வாசல்படிக்குக் குறுக்கே துணி விரித்திருந்தாள், ஒரு கண்ணியும் உருண்டு போய்விடக் கூடாது என்று. என்னைப் பார்த்ததும் எழுந்து காபி வைத்தாள். சான்று வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை, கண்ணு. பீரோவைத் திறந்து, பாலிதீன் பையில் சுற்றி ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்ததை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தாள். சித்தி மகன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படிக்கிறான், மாலையில் அவனும் பட்டறைக்குப் போகிறான். "பெரியவர் இருந்தவரைக்கும் மாசாமாசம் பீஸ் பணம் அனுப்பினார்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்தக் காபி இறங்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் போன ஆண்மகனுக்கு மனைவி, மக்கள், தாய் என்று முதல் வகுப்பு வாரிசு யாரும் இல்லை, தகப்பனாரும் இல்லை என்றால், உயிரோடு இருக்கிற சகோதரனுக்கும் சகோதரிக்கும் சமபங்கு. பெண் என்பதால் அத்தைக்கு ஒரு காசு குறையாது. ஆனால் முன்பே இறந்துபோன சகோதரனின் பிள்ளைகள் அந்த வரிசையில் எங்களுக்குப் பின்னால்தான் வருகிறார்கள். நானும் அத்தையும் இருக்கிறவரை சித்தப்பா மகனுக்கு ஒன்றும் கிடையாது. சித்திக்கும் கிடையாது. இது நான் செய்த சட்டம் இல்லை. வக்கீலிடமும் கேட்டேன், அவரும் இதையேதான் சொன்னார்.

ஆக, பாதி எனக்கு, பாதி அத்தைக்கு. அத்தை பதினாறாம் நாளன்றே, "எனக்கு என்னத்துக்கு அண்ணா, பிறந்த வீட்டு வாசல் இருந்தால் போதும், எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன்" என்றாள். நீயும் அங்கேதான் நின்றாய்.

தோட்டத்தில் காபிப் பழம் நன்றாகச் சிவந்திருக்கிறது. பறிக்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். போன வாரம் 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் நின்றபடியே போனேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தில் உச்சிவரை ஏறிவிட்டது. வீட்டைத் திறந்து பெருக்கி, விளக்கு வைத்து, பெரியப்பாவின் உளிப் பெட்டியையும் துடைத்து வைத்தேன்.

அந்தப் பெட்டியை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆணியே இல்லாமல் பல்லுக்குப் பல் கோத்த அந்த மூலைகளை விரலால் தடவித் தடவிப் பார்ப்பாய், ஏழு வயதில். விசாகப்பட்டினத்தில் ஹிந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில் 1968-இல் சேர்ந்த வருடம் அவரே செய்தது. 1948-இல் நேரு வந்து 'ஜல உஷா'வைக் கடலில் இறக்கிய இடம் அது என்று பெருமையாகச் சொல்லுவார், என்னவோ தானே உடன் நின்று இறக்கியது போல. கணினி வருவதற்கு முன்பு கப்பலின் வளைவுகளை ஒரு பெரிய கூடத்தின் மரத் தரையில் முழு அளவில் வரைவார்கள். அந்தக் கோட்டின் மேல் மெல்லிய பலகையை வைத்து அச்சு வெட்டுவார்கள். அந்த அச்சைப் பார்த்துத்தான் இரும்புத் தகடு வெட்டுவது. அந்தக் கூடத்தில்தான் அவருக்கு அதிக நாள் வேலை. "இங்கே ஒரு நூல் பிசகினால் அங்கே தகடு தகடோடு சேராது" என்பார். கப்பலை இறக்கும் நாளில் சரிவுப் பாதையில் கொழுப்புத் தடவி, வரிசையாக நின்று ஆப்பு அடிப்பார்களாம். ஆப்பு இறங்க இறங்க, அத்தனை பெரிய கப்பல் கட்டைகளிலிருந்து மயிரிழை மயிரிழையாக எழும்புவது காலடியிலேயே தெரியும் என்பார்.

சித்தப்பா போன செய்தி கேட்டு, விசாகப்பட்டினத்தில் தன்பாத்–ஆலப்புழை ரயில் ஏறி, உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே வந்தார். அன்றைக்குச் சித்தியின் முன்னால் என்ன சொன்னார் என்பது உனக்கும் தெரியும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, நீ உள் அறையில் தனியாக உட்கார்ந்து பெட்டியிலிருந்த உளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாய். வாசலிலிருந்து பார்த்தேன். இந்தக் கைக்குப் பெரியப்பா பழக்கியது வீணாகவில்லை என்று மனம் நிறைந்தது. அப்புறம் நீ யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டாய். என்னிடமாவது சொல்லியிருக்கலாம். பெற்றவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போகும்படியா உன்னை வளர்த்தேன்?

கண்ணு, மூடியின் உள் பலகைக்குப் பின்னால் இருந்த காகிதத்தை நான் நான்காக மடித்து வைத்திருந்தேன். நீ போன மறுநாள் எடுத்துப் பார்த்தேன். இரண்டாக மடித்திருந்தது.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். இவ்வளவு நேரம் எதை எதையோ எழுதிவிட்டேன்.

நீ படித்திருக்கிறாய். நானும் முன்பே படித்திருந்தேன். அண்ணன் சித்திரையில் எழுதியது. படத்துக்கு அளவு எழுதுகிற அந்தக் கட்டை எழுத்து. வீடும் தோட்டமும் மூன்று சமபங்கு: எனக்கு, அத்தைக்கு, சித்திக்கு. பாங்கிப் பணம் சித்தி மகனின் படிப்புக்கு. பெட்டி உனக்கு. கீழே அவர் கையெழுத்து. அதற்கும் கீழே சாட்சி ஒன்று, சாட்சி இரண்டு என்று தச்சுப் பென்சிலால் அடிக்கோல் வைத்து இழுத்த இரண்டு கோடுகள். இரண்டும் காலி.

உயிலுக்குப் பத்திரத்தாள் வேண்டாம், பதிவுகூடக் கட்டாயம் இல்லை. வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். ஆனால் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும், 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. எனக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்ததனால்தான் இப்போது தூக்கம் வரவில்லை.

அண்ணன் ஆடி முதல் வாரம் போன் செய்தார். "நாகலூரில் யாரைக் கேட்டாலும் வருவார்கள். ஆனால் நம் சேலத்து ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டி வா, நாளைக்குக் கூப்பிட்டால் வந்து சொல்லுகிறவர்களாக இருக்கட்டும்" என்றார். ஆடியில் வேண்டாம் அண்ணா, ஆவணி பிறக்கட்டும் என்றேன். ஆவணியில் கல்யாணங்கள் என்றேன். ஆவணிக் கடைசியில் நான் மட்டும் போனேன். பெட்டியைத் திறந்து காகிதத்தை எடுத்துக் காட்டினார். படித்தேன். "சரிதானே?" என்று கேட்டார். சரிதான் என்றேன். மடித்து நானே உள்ளே வைத்தேன். புரட்டாசியில் மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டார். மழை, மலைப்பாதையில் மண் சரியும் என்றேன். "சரி, உனக்குச் சௌகரியப்பட்டபோது வா" என்றார். ஐப்பசியில் போய்விட்டார்.

மழை பெய்தது உண்மைதான். ஆனால் மழைக்காக நான் நிற்கவில்லை. அஞ்சலகத்தில் வட்டிக் கணக்குப் போட்ட கை, அந்தக் காகிதத்தைப் படித்த அன்றைக்கே கணக்குப் போட்டுவிட்டது. உயில் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு, பணம் இல்லை. உயில் இல்லாவிட்டால் பாதி, பணத்திலும் பாதி. உன் வீட்டுக் கடனில் ஒரு பகுதி அடைந்துவிடும் என்று நினைத்தேன். உனக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை உன் தலையில் சுமத்துவதற்காக எழுதவில்லை. நீ கேட்டாயா? நீ ஒருநாளும் என்னிடம் காசு கேட்டதில்லை.

பதினாறாம் நாள் திண்ணையில் மாமா கேட்டபோது, "அண்ணன் ஒன்றும் எழுதி வைக்கவில்லை" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். சாட்சி இல்லாத காகிதம் உயில் ஆகாது, அதனால் அது பொய்யும் ஆகாது என்று மனத்துக்குள் வாதம் பண்ணினேன். சித்தி அப்போது எல்லாருக்கும் மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள். நீ கதவருகில் நின்றாய். பெரியப்பா உன்னிடம் முன்பே போனில் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அப்பா ஆள் கூட்டி வருவான் என்று உன்னிடமும் சொல்லியிருப்பார். என்னை நம்பி இருந்தார்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்க வேண்டியவரும் இல்லை.

பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பாங்கிக்குப் போய் வைப்புத்தொகையில் என் பாதியைச் சித்தி மகன் பெயருக்கு மாற்றிவிட்டேன். எதற்கு என்று அவன் போனில் கேட்டான். பெரியப்பா சொன்னது என்றேன். அத்தை தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று வக்கீலிடம் சொல்லி, எழுதி வைத்திருந்த வரைவைக் கிழித்துப் போடச் சொன்னேன். புதன்கிழமை ஆத்தூர் போகிறேன், அந்தக் காகிதத்தை அத்தையிடம் காட்ட. அவள் பாதி அவளுடையது, அதைக் கேட்க எனக்கு வாய் கிடையாது. பட்டா எங்கள் இருவர் பெயருக்கும் வந்த பிறகு, அத்தை சம்மதித்தால் மூன்றாகப் பிரித்து எழுதுவோம். சம்மதிக்காவிட்டால் சித்தியின் மூன்றில் ஒரு பங்கு முழுவதும் என் பாதியிலிருந்தே போகட்டும். பத்திரச் செலவும் என்னுடையது. அம்மாவிடம் நேற்று ராத்திரி சொல்லிவிட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கண்ணுக்கு எழுதுங்கள்" என்றாள்.

நீ நியமனம் போட்டுவிடு. மறக்காதே. உயிலும் எழுதி, அன்றைக்கே சாட்சிக் கையெழுத்து வாங்கிவிடு. சின்ன வயதில் எதற்கு என்று நினைக்காதே.

பெட்டி நாகலூரிலேயே இருக்கிறது. சாவியைப் பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழ் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அது உன்னுடையது, எப்போது வந்தாலும் எடுத்துப் போகலாம். ஈரத்துக்கு உளியெல்லாம் துருவேறும், மாதம் ஒரு தடவை எண்ணெய் தடவுகிறேன். உன்னைப் போல் எனக்கு வராது.

சித்தியிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு தடவை அவள் தெருமுனைவரை போய்த் திரும்பிவிட்டேன். மாசி பிறப்பதற்குள் இரண்டு நாள் விடுப்பு எடுக்க முடிந்தால் வா, கண்ணு. காகிதத்தை எடுத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் போவோம். தனியாகப் போக எனக்குக் கால் எழவில்லை.

அன்புடன்,
அப்பா