படத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிக்க வைக்கும் வசனத்துக்குப் பரிசு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஒரு படம் போட்டு வாசகர்களிடம் மீம் வசனம் கேட்கிறீர்களே, அந்தப் பகுதியை விடாமல் படிப்பவள் நான். கோத்தகிரியில் செல்போன் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். கடை சாத்திய பிறகு எங்கள் ஊர் மீம் பக்கத்துக்கு வசனம் எழுதுகிறேன். மீம் எழுதுவதை நான் விளையாட்டாக நினைப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

சென்ற வாரம் நீங்கள் போட்டது தேயிலை பறிக்கும் ஒரு அம்மாவின் படம். தலையில் துண்டு, இடுப்பைச் சுற்றி பிளாஸ்டிக் தாள். எதிர்வெயில் அடிப்பதால் கண்ணை இடுக்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு கேமராவைப் பார்க்கிறார். பரிசு வாங்கிய வசனம், "ஃபில்டர் போடாம செல்ஃபி எடுத்தா இப்படித்தான்!" என் அம்மாவும் தோட்டத்தில் இலை பறிப்பவர்தான். காலையில் அந்த வெயிலுக்கு நேரே நின்றால் யார் முகமும் அப்படித்தான் போகும். அந்தப் பக்கத்தை அவர் பார்க்கக்கூடாது என்று எடுத்து ஒளித்து வைத்தேன்.

மனசு கஷ்டப்பட்டது ஒரு பக்கம். மீமாகப் பார்த்தாலும் அது தேறாத வசனம் என்பதை நடுவருக்குச் சொல்ல விரும்புகிறேன். ரியாக்‌ஷன் மீமில் மேலே ஒரு நிலைமையை எழுதுகிறோம், கீழே ஒரு முகம் வைக்கிறோம். அந்த முகம் எழுதியவருக்குப் பதிலாக நிற்கிறது. படிப்பவரும் "அட, எனக்கும் இதே கதிதான்" என்று தன்னை அங்கே வைத்துப் பார்க்கிறார். சிரிப்பு அங்கேதான் வருகிறது. வடிவேலு முகம் இத்தனை வருஷமாக ஓடுவதற்கும் இதுதான் காரணம். அடி வாங்கி, ஏமாந்து, சமாளிக்கப் பார்க்கும் அந்த முகத்துக்குக் கீழே யாரும் தயங்காமல் "நான்" என்று போட்டுக்கொள்ளலாம். அவர் நடிகர், நாம் சிரிக்கவே அந்த முகத்தைச் செய்து காட்டினார். இலை பறிக்கும் அம்மா யாரையும் சிரிக்க வைக்க அங்கே நிற்கவில்லை.

2019 மே மாதக் கடைசியில், 'ஃப்ரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த நேசமணி பாத்திரம் உலகம் முழுக்க டிரெண்ட் ஆனது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஃபேஸ்புக்கில் ஒரு வெளிநாட்டு சிவில் இன்ஜினியரிங் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. நம்மாள் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு, அடித்தால் டங் டங் என்று சத்தம் வரும், பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணி தலையை அவர் அண்ணன் மகன் இதை வைத்துத்தான் உடைத்தான், பாவம் என்று எழுதினார். துக்கச் செய்தி சொல்வது போல முகத்தை இறுக்கிக்கொண்டு எழுதியதில்தான் அத்தனை சிரிப்பும். அதில் மனசு நோக ஒருத்தரும் இல்லை.

எங்கள் மீம் பக்கத்தில் அதிகம் ஓடுவது ஒரு காட்டெருமைப் படம். கேட்டுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு, வாயோரம் பீன்ஸ் கொடி தொங்க, எந்த உணர்ச்சியும் காட்டாமல் நேராகப் பார்க்கிறது. எதையும் காட்டாத முகமும் நல்ல டெம்ப்ளேட், என்ன நிலைமையை எழுதினாலும் பொருந்தும். "பச்சை இலை விலை ஒரு ரூபா ஏறியிருக்குன்னு சந்தோஷமா சொன்னவரைப் பார்க்கும் நான்" என்று போட்டோம். சிறு தேயிலை விவசாயிகள் நிறையப் பேர் பகிர்ந்தார்கள். 2024 மே 7 முதல் நீலகிரி மலைக்கு வர இ-பாஸ் கட்டாயம் ஆனபோது, டி.என். 43 எண் உள்ள உள்ளூர் வண்டிகளுக்கு அது தேவையில்லை என்று சொன்ன பிறகும் குழப்பம் தீரவில்லை. அப்போது எழுதியது, "டி.என். 43 வண்டியை நிறுத்தி 'இ-பாஸ் எங்கே'ன்னு கேட்டதும் நான்." குன்னூர்க்காரருக்கு உடனே சிரிப்பு வரும், கடலூர்க்காரருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அதில் தவறில்லை, எல்லா வசனமும் எல்லோருக்கும் புரிந்தாக வேண்டுமா என்ன? (அந்தப் படம் வீட்டுக்குள் இருந்தபடி ஜூம் வைத்து எடுத்தது. காட்டெருமை பக்கத்தில் போய் யாரும் படம் எடுக்காதீர்கள்.)

இன்னொன்றும் உண்டு. வாசகர்கள் பேச்சுத் தமிழில் அனுப்புவதை உங்கள் அலுவலகத்தில் எழுத்துத் தமிழாகத் திருத்திவிடுகிறீர்கள். "கரன்ட் வந்துருச்சுன்னு ஓடி வந்து சார்ஜர் போட்டா, மறுபடி போயிருச்சு" என்பது "மின்சாரம் வந்துவிட்டது என்று ஓடி வந்து சார்ஜரைப் பொருத்தினால், மீண்டும் போய்விட்டது" என்று அச்சானால் மின்வாரிய அறிவிப்பு படிப்பது போல் இருக்கிறது. அலுத்துக்கொள்ளும் குரல் போய்விட்டால் வசனத்தில் என்ன மிச்சம்? எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், பேச்சை விட்டுவிடுங்கள்.

இனி நடிகர் அல்லாத ஒருவர் படத்தைப் போடுவதாக இருந்தால், வசனம் எழுதக் கொடுக்கப்போகிறோம் என்று அவரிடமே சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள். வேலை செய்துகொண்டிருப்பவரைத் தூரத்தில் நின்று எடுத்த படம் இந்தப் பகுதிக்கு வேண்டவே வேண்டாம். அடுத்த ஞாயிறுக்குப் படம் தேவைப்பட்டால் அந்தக் காட்டெருமைப் படத்தைத் தருகிறோம். எடுத்த தம்பியிடம் கேட்டுவிட்டேன், அவருக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
வாசகி, கோத்தகிரி